ஐந்து மைலும் பின்பக்கமாக

பிழை விடாத மனிதன் இல்லை என்கிறார்கள். சரி. ஆனால் விட்ட பிழைக்காக வாழ்நாள் முழுவதும் தலையைக் குனிந்துகொண்டு திரியவேண்டும் என்று எந்தச் சாத்திரத்தில் எழுதியிருக்கிறது? நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. ஆகையால், பருத்தித்துறை இறங்குதுறையில் ஊர் திரண்டு பார்க்க நான் பட்ட பாட்டை ஒரு துளி வெட்கமும் இல்லாமல் இங்கே எழுதுகிறேன். (அன்றைக்கு வெட்கம் இருந்ததுதான். சட்டைக்குள் கடல் தண்ணீரும் இருந்தது. இரண்டும் காய்ந்துவிட்டன.)

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இரண்டாவது உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. எங்களுடையது வல்வெட்டித்துறையில் ஒரு கடலோடிக் குடும்பம். ஐயா தண்டையல். பாய்க்கப்பலின் தலைவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். இரங்கூனுக்கும் நாகபட்டினத்துக்கும் நட்சத்திரத்தைப் பார்த்தே கப்பல் விட்டவர். அவருக்கு மகனாகப் பிறந்த எனக்கு மட்டும் ஏனோ பாயில் நம்பிக்கை வரவில்லை. காற்று எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒரு தொழிலா என்று பன்னிரண்டு வயதிலேயே கேட்டு அடி வாங்கியவன் நான்.

கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பட்டறையில் ஐந்து வருஷம் எண்ணெயிலும் கரியிலும் புரண்டு தொழில் பழகினேன். பிறகு ஒரு நீராவிக் கப்பலின் அடித்தட்டில் நாலு வருஷம் வெந்தேன். பரீட்சைகளும் பாஸ் பண்ணினேன். மிச்சம் இருந்தது பட்டயம் ஒன்றுதான். லண்டனில் கப்பல் எஞ்சினியர்களின் சங்கம் ஒன்று இருந்தது. அது அங்கீகரித்தால்தான் ஒருவன் பட்டயம் பெற்ற எஞ்சினியர். பெயருக்குப் பின்னால் எழுத்துப் போடலாம். அந்த எழுத்து இல்லாதவன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், நேற்றுக் கப்பலில் வந்திறங்கிய வெள்ளைக்காரப் பொடியனுக்கு "யெஸ் சேர்" சொல்லியே நரைக்க வேண்டியதுதான். எனக்கு நரைக்க விருப்பமில்லை. கொழும்பில் உதவி எஞ்சினியர் இடம் ஒன்றும் காலியாகக் கிடந்தது. அது பட்டயக்காரனுக்கு மட்டும்தான்.

ஐயாவிடம் சொன்னேன்.

"பட்டயமோ?" என்றார். "கடலிலை போறவனுக்குக் கடல் எல்லோ பட்டயம் குடுக்க வேணும். லண்டனிலை கதிரையிலை இருக்கிறவன் என்னத்தைக் குடுக்கிறது?"

"ஐயா, உது உங்களுக்கு விளங்காது."

"ஓம். விளங்காமல்தான் முப்பது வருசம் கப்பல் விட்டனான்."

சங்கம் கேட்டவை இவை: சான்றிதழ்கள், மூத்த அங்கத்தவர் ஒருவர் நடத்தும் நேர்முகம், எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்த மூளையால் பொறுப்பேற்றுச் செய்து முடித்த ஒரு வேலை. மற்றவர்கள் பட்டறையில் செய்த வேலை எதையாவது எழுதி அனுப்புவார்கள். எனக்கு அது போதவில்லை. ஐயாவிடம் ஒரு வத்தை இருந்தது. தூரத்தில் நங்கூரம் போடும் கப்பல்களிலிருந்து கரைக்குச் சரக்கு ஏற்றி இறக்கும் தட்டையான படகு அது. அதற்குள் எஞ்சின் பூட்டி ஓட்டிக் காட்டுவது என்று முடிவு செய்தேன். எங்கள் வடமராட்சிப் பகுதியின் முதல் எஞ்சின் வத்தை! மூன்று மாதம் கெஞ்சியபின் ஐயா சம்மதித்தார். பாய்மரத்தைத் தொடக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை.

இந்த இடத்தில் அதிர்ஷ்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. (அது பல்லைக் காட்டிய விதத்தை நான் கவனித்திருக்க வேண்டும்.) என்னை நேர்முகம் காணவேண்டிய துரை, பருத்தித்துறை வெளிச்சவீட்டுப் பொறிகளைப் பார்வையிடப் பங்குனி மாதம் வருவதாகக் கடிதம் போட்டார். அங்குள்ள வாடிவீடு என்னும் விடுதியிலேயே என்னைச் சந்திக்கலாமாம். நல்ல மனிதனாக இருந்தால் "நன்றி, வருகிறேன்" என்று எழுதியிருப்பான். நான் எழுதியது இது: "தாங்கள் அறைக்குள் இருக்க வேண்டியதில்லை. காலை பத்து மணிக்கு நான் என்னுடைய எஞ்சின் படகில் இறங்குதுறைக்கு வந்து சேர்வேன். நேர்முகத்தைப் படகிலேயே வைத்துக்கொள்ளலாம்."

எஞ்சின் ஒரு பழைய மண்ணெண்ணெய் எஞ்சின். கொழும்பில் உடைத்த படகு ஒன்றிலிருந்து கிடைத்தது. கழற்றி, துடைத்து, தேய்ந்ததை மாற்றி, கடற்கரையில் மரச்சட்டத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். மணிக்கூடு மாதிரி ஓடிற்று. தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லரை மட்டும் என் படத்தின்படி கொழும்பில் வார்ப்பித்தேன். அது ரயிலில் வந்து சேர்ந்தது நேர்முகத்துக்கு முதல்நாள். மாலைக்குள் பூட்டி முடித்தேன்.

அக்கா பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். கதைத்தால் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

"தம்பி, உந்தக் காத்தாடியை ஒருக்காத் தண்ணியிலை விட்டுப் பாத்தால் என்ன?"

"அக்கா, கணக்குச் சரியெண்டால் கடலும் சரி."

"கடலுக்குக் கணக்குத் தெரியுமோ?"

பெண்களுக்கு எந்திர சாத்திரம் விளங்காது என்று ஒரு சிறு பிரசங்கமே செய்தேன். (அதை இங்கே எழுதமாட்டேன். அக்கா இன்னும் உயிரோடு இருக்கிறாள்.)

மறுநாட் காலை வெள்ளை டிரில் கோட்டு, கழுத்துப்பட்டி, சப்பாத்து. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நின்றேன். வத்தைக்கு மாலை போட்டிருந்தார்கள். அம்மா தேங்காய் உடைத்தாள். ஊர் முழுவதும் கரையில். ஐயா மட்டும் எட்டத்தில், கையைக் கட்டிக்கொண்டு.

எஞ்சினின் சக்கரச் சில்லைச் சுழற்றினேன். எஞ்சின் ஒரே சுழற்றலில் பிடித்துக்கொண்டது. கரையில் ஆரவாரம். நான் வத்தையின் தலைப்பக்கமான முன்னணியத்தை நோக்கிக் கையை நீட்டி, "கயிற்றை அவிழ்த்து விடுங்கோ!" என்று கத்தினேன். அவிழ்த்தார்கள்.

வத்தை அழகாக, நிதானமாக, பின்பக்கமாகப் போகத் தொடங்கியது.

கரையில் ஆரவாரம் இன்னும் அடங்கவில்லை. கடலுக்குப் போகும் வழியே இதுதானாக்கும் என்று நினைத்திருப்பார்கள். பிறகு ஒரு குரல்: "டேய், உது பின்னுக்கல்லோ போகுது!" அதற்குப் பிறகு எழுந்த சிரிப்பு நயினாதீவு வரைக்கும் கேட்டிருக்கும்.

எஞ்சினை நிறுத்தினேன். பிழை எனக்கு உடனே விளங்கிவிட்டது, அதுதான் கொடுமை. எஞ்சினுக்கு முன்னால் நின்று பார்த்தபோது அது வலப்பக்கமாகச் சுழன்றது. வலச்சுழி என்று படம் வரைந்து அனுப்பினேன். ஆனால் புரொப்பெல்லருக்கு வலம் இடம் பார்ப்பது படகின் பின்னால் நின்று. முன்னால் நிற்பவனுக்கு வலம் என்றால் பின்னால் நிற்பவனுக்கு அது இடம். எதிரே நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் இருக்கும் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். பரீட்சைகள் எல்லாம் பாஸ் பண்ணிய எனக்குத் தெரியவில்லை. அந்த எஞ்சினோ ஒரு பக்கமாக மட்டும் சுழலக்கூடியது. மாற்றிச் சுழற்ற வழியில்லை.

ஐயா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து வத்தையைப் பிடித்தார்.

"பாயை ஏத்து. பத்து மணிக்குள்ளை கொண்டுபோய் விடுறன்."

"மாட்டன்."

"அப்ப றோட்டாலை போ."

"மாட்டன், ஐயா. எஞ்சின் படகிலை வாறன் எண்டு எழுதிப்போட்டன். எஞ்சின் படகிலைதான் போவன்."

"பின்பக்கமாயோ?"

"எந்தப் பக்கமாய் வாறன் எண்டு நான் எழுதேல்லை."

ஐயா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வத்தைக்குள் ஏறினார். மகனில் உள்ள அன்பினால் என்று நினைக்கவேண்டாம். தன்னுடைய வத்தையைச் சுக்கான் தெரியாத ஒருவன் பார் என்னும் கடற்பாறையில் மோத விடுவதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான். பின்பக்கமாகப் போகும் படகுக்குச் சுக்கான் உதவாது. அதை நடுவில் இறுக்கிக் கட்டினார். நீளத் துடுப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு முன்னணியத்தில், அதாவது அன்றைய பின்னணியத்தில், குந்தினார். "இனி உன்ரை பிசாசை எழுப்பு" என்றார்.

அப்போதுதான் கரையிலிருந்து அக்கா சான்றிதழ்க் கட்டை உயர்த்திக் காட்டிக் கத்துவது தெரிந்தது. அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன். திரும்பிப் போனால் இன்னொரு தரம் சிரிப்பார்கள். "கொண்டு வா!" என்று கையைக் காட்டினேன்.

பருத்தித்துறைக்கு ஐந்து மைல். ஒரு தட்டையான படகின் பின்புறம் அலையை வெட்டுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒவ்வொரு அலையும் பலகையில் அறைந்து எழும்பி, என்னைத் தேடிப்பிடித்து நனைத்தது. முதல் மைலிலேயே டிரில் கோட்டு உடம்போடு ஒட்டிவிட்டது. அதைவிட மோசமானது கரை. கரையோர றோட்டில் எங்களுக்கு ஈடாக ஒரு திருக்கல் வண்டி வந்துகொண்டிருந்தது. உள்ளே அக்கா. மாடுகள் இரண்டும் ஓடவில்லை, நடந்தன. பொலிகண்டிக்குக் கிட்ட அவை எங்களை முந்தின. முந்தும்போது அக்கா திரையை விலக்கி ஒருமுறை பார்த்தாள். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மன்னித்திருப்பேன்.

வழியில் மீன்பிடித்துத் திரும்பிய ஒருவர் கூப்பிட்டுக் கேட்டார்: "தண்டையல், எங்கை, திரும்பி வாறியளோ? போறியளோ?"

ஐயா அலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "போறம்" என்றார். அவ்வளவுதான்.

பருத்தித்துறைக்கு முன்னால் கடலுக்குள் பவளப்பார் ஒன்று நீளத்துக்குக் கிடக்கிறது. உள்ளே போக ஒரு இடைவெளிதான். முன்பக்கமாகப் பாயோடு போகிறவர்களே அங்கே மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஐயா துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி, "மெதுவாய்... மெதுவாய்... இப்ப விடு!" என்று கத்தினார். இரண்டு பக்கமும் பாரில் நுரை கக்கியது. நான் எஞ்சினில் கை வைத்தபடி கும்பிட்டேன். (எந்தத் தெய்வத்தை என்று ஞாபகமில்லை. கிடைத்த எல்லாவற்றையும்.) ஒரு கீறல் கூட இல்லாமல் உள்ளே வந்தோம். அன்றைக்கு ஐயா செய்தது எந்தப் பட்டயக்காரனாலும் செய்யமுடியாத வேலை. அதை அப்போதே அவருக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இறங்குதுறையில் சனம். செய்தி திருக்கலில் முன்னுக்கே வந்துவிட்டதே. நடுவில் துரை. நெடிய, சிவந்த, சுங்கான் என்னும் புகைக்குழாய் பிடிக்கும் ஸ்கொட்லாந்துக்காரர். பக்கத்தில் அக்கா, சான்றிதழ்க் கட்டோடு. பின்பக்கமாகவே வந்து, அலுங்காமல் இறங்குதுறையோடு அணைந்தோம். துரையின் முகத்தில் ஒரு வியப்பு.

"ஏன் பின்பக்கமாக வந்தீர்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறொன்று வந்தது. "எஞ்சினின் பின்னோட்ட வலிமையைக் காட்டுவதற்காக, சேர்."

"ஐந்து மைலுமா?"

"ஐந்து மைலும், சேர்."

"மிகவும் நன்று." சுங்கானை வாயிலிருந்து எடுத்தார். "இப்போது முன்னோட்டத்தைக் காட்டுங்கள்."

நான் ஐயாவைத் திரும்பிப் பார்த்தேன்.

ஐயா கேட்டார்: "என்னவாம் துரை?"

"முன்னுக்கு ஓடிக் காட்டட்டாம்."

"அதை இன்னும் அது பழகேல்லை எண்டு சொல்லிவிடு."

சனம் கொல்லென்று சிரித்தது. இனி மறைக்க என்ன இருக்கிறது? படத்தைப் பிழையாக வரைந்தவன் நான், பிழையான பக்கத்தில் நின்று பார்த்தவன் நான், தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொன்ன அக்காவுக்குப் பிரசங்கம் செய்தவனும் நான் என்று துரையிடம் ஒப்புக்கொண்டேன்.

துரை கெட்டவரல்ல. என்னை ஓரமாகக் கூப்பிட்டு இரக்கத்தோடுதான் சொன்னார்: "இளைஞரே, இன்று நேர்முகம் நடக்கவில்லை என்று எழுதிவிடுகிறேன். ஆறு மாதம் கழித்துக் கொழும்புக்கு வாருங்கள். பட்டறை வேலை ஏதாவது ஒன்றை எழுதுங்கள். இந்த நாட்டுப் படகை விட்டுவிடுங்கள். லண்டனுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் எழுதக்கூடிய பொருளல்ல இது."

அந்தக் கடைசி வசனம் இல்லாவிட்டால் நான் தலையாட்டியிருப்பேன். அதைக் கேட்டதும் நனைந்த கோட்டுக்குள் எனக்குச் சூடு ஏறியது. வத்தை என்ன செய்தது? பின்னுக்குப் போ என்று நான் சொன்னேன், போனது.

"சேர், பிழை என்னுடையது. படகினுடையது அல்ல. நேர்முகம் இன்றைக்குத்தான். இங்கேதான். என்னைத் தள்ளுவதாக இருந்தால் என் பிழைக்காகத் தள்ளுங்கள். ஆனால் இரண்டு மணி நேரம் எஞ்சின் ஒருமுறை கூட விக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். இறங்கி வந்து தண்டைத் தொட்டுப் பாருங்கள். சுட்டால் என்னைக் கடலில் தள்ளுங்கள்."

இப்படி ஒரு துரையோடு கதைக்கலாம் என்று அதுவரை எனக்கே தெரியாது. அவர் சுங்கானைத் தட்டி அணைத்தார். பிறகு வெள்ளைக் காற்சட்டையோடு வத்தைக்குள் இறங்கி, முழங்காலில் நின்று, எஞ்சினையும் புரொப்பெல்லரையும் இணைக்கும் தண்டின் தாங்கிகளைக் கையால் தொட்டார். குளிர்ந்திருந்தன. ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை. முழங்கால் இரண்டும் கறுப்பாக எழுந்தார். "சரி, உட்காருங்கள்" என்றார்.

ஒரு மணி நேரம் கேள்வி. மேலே சனம் வேலி மாதிரி நின்று கேட்டது. இங்கிலீஷ் தெரிந்த சுங்கக் கிளாக்கர் ஒருவர் மற்றவர்களுக்கு மொழிபெயர்த்தார். நான் பிழையாகச் சொன்ன விடைகளை இரண்டு தரம் மொழிபெயர்த்தார்.

இடையில் யாரோ மேலேயிருந்து, "தம்பி, கழற்றித் திருப்பிப் போட்டால் சரிவருமெல்லோ!" என்று புத்தி சொன்னார். கிளாக்கர் அதையும் துரைக்கு மொழிபெயர்த்தார். துரை என்னைப் பார்த்தார். "நல்ல கேள்வி. சரிவருமா?"

"சரிவராது, சேர்."

"ஏன்?"

இங்கிலீஷில் சொல் வரவில்லை. காலடியில் கிடந்த கயிற்றுத் துண்டை எடுத்து நீட்டினேன். "இதன் முறுக்கைப் பாருங்கள்." பிறகு கயிற்றைத் தலைகீழாகத் திருப்பினேன். "இப்போதும் அதே முறுக்குத்தான். புரொப்பெல்லரும் அப்படித்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் வலச்சுழி வலச்சுழியே. புதிதாக வார்க்க வேண்டும்."

துரை கயிற்றை வாங்கி ஒருமுறை தானும் திருப்பிப் பார்த்தார். ஐயாவோ, "கயிறு திரிச்ச எவனுக்கும் உது தெரியும்" என்று முணுமுணுத்தார். என் தொழிலைப்பற்றி அவர் ஒப்புக்கொண்ட முதல் விஷயம் அதுதான்.

துரை போனபின் புறப்பட்டோம். இறங்குதுறையிலிருந்து ஒரு பெரியவர், "தண்டையல், உந்தச் சனியனை நிப்பாட்டிப்போட்டுப் பாயை ஏத்துங்கோவன்! காத்தும் நல்லாய் வருகுது" என்று கூப்பிட்டார். காலையில் பாயை ஏத்து என்று சொன்ன அதே ஐயா இப்போது பாயைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"என்ரை வத்தை எந்தப் பக்கத்தாலை போகவேணும் எண்டு நீர் சொல்லத் தேவையில்லை" என்றார். என்னைப் பார்த்து, "எழுப்படா" என்றார்.

திரும்பி வந்த ஐந்து மைலும் பின்பக்கமாகத்தான்.

லண்டனிலிருந்து பதில் நாலு மாதத்தில் வந்தது. தொழிலறிவு திருப்தி, நிதானம் போதாது, இந்த முறை ஏற்பதற்கில்லை. கொழும்பு இடம் இன்னொருவருக்குப் போயிற்று. வாசித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் இடச்சுழிப் புரொப்பெல்லருக்குப் படம் வரைந்தேன். அது வந்ததும் வத்தை முன்னுக்கு ஓடிற்று. ஐயா கரையில் நின்று பார்த்துவிட்டு, "பாயும் இதைத்தானே செய்தது" என்றார்.

அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பித்தேன். வத்தையை விட்டுவிட்டு எழுதச் சொல்லி நண்பர்கள் கெஞ்சினார்கள். விடவில்லை. பின்னுக்கு ஓடியதையும் விடவில்லை. மறுத்தார்கள். மூன்றாம் வருஷமும் அதே வத்தை, அதே ஐந்து மைல், ஒரு சொல் குறையாமல். என் பிடிவாதத்தில் களைத்துத்தானோ என்னவோ, ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் அந்தக் கடிதம் இரண்டு நாள் ஊரைச் சுற்றியது. உறையில் "திரு. வே. இராசரத்தினம், பட்டயம் பெற்ற கப்பல் எஞ்சினியர்" என்று இங்கிலீஷில் இருந்தது. அப்படி ஒருவரைத் தபாற்காரருக்குத் தெரியாது. மூன்று வருஷமாக வடமராட்சி முழுவதும் எனக்கு வேறு பெயர் வழங்கியது. கடைசியில் எங்கள் வாசல் படலையடியில் நின்று அக்காவிடம் விசாரித்தார்.

"ஐயோ, உது எங்கடை பின்னெஞ்சினியர் எல்லோ!" என்றாள் அக்கா.

"அதை முந்தியே எழுதியிருக்கலாமே" என்று தபாற்காரர் லண்டனைக் குறைப்பட்டுக்கொண்டார்.

பெயரை மாற்ற முயன்றால் அது இன்னும் இறுகும் என்று எனக்குத் தெரியும். நானே வாசலில் பலகை எழுதி மாட்டினேன். மேல் வரியில் இங்கிலீஷில் பட்டயமும் எழுத்துகளும். கீழ் வரியில் நல்ல தமிழில், பெரிய எழுத்தில்: பின்னெஞ்சினியர். கல்யாணமான புதிதில் என் மனைவி அதைக் கழற்றிவிடச் சொன்னாள். கழற்றவில்லை. இப்போது அவளே கிழமைக்கு ஒருமுறை துடைக்கிறாள்.

போன மாதம் நெல்லியடிப் பக்கத்திலிருந்து ஒருவர் மகனின் படிப்பு விஷயமாக வந்தார். பலகையை நெடுநேரம் வாசித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"ஐயா, உந்தப் பின்னெஞ்சினியர் எண்டது எஞ்சினியருக்கு மேலையோ, கீழையோ?"

"மேலை" என்றேன்.

"அப்பிடியெண்டால் அதுக்கு எத்தினை வருசம் படிக்க வேணும்?"

நான் பதில் சொல்ல முன்னம், உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்த அக்காவின் குரல் வந்தது:

"ஒரு காலமைப் பொழுது போதும்."